ஒரு கணினி விளையாட்டும் என் சிவப்பு மையும்



பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் பேச வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் நான் தவறாமல் சொல்லிவந்த ஒன்று உண்டு. "பிள்ளைகள் கையில் கைப்பேசியைக் கொடுக்காதீர்கள், கணினி விளையாட்டு படிப்பைத் தின்றுவிடும்" என்பதே அது. தமிழ்ப்பள்ளியில் 23 ஆண்டுகள் பணியாற்றிய அனுபவத்தில் சொல்கிறேன் என்று ஒரு முத்திரையையும் குத்திவிடுவேன். அந்தக் கருத்தில் பாதியை இன்று நான் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியுள்ளது. ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

சென்ற பள்ளி விடுமுறையில், மூன்றாம் படிவம் பயிலும் என் மகள் கணினி முன் அமர்ந்திருந்தாள். வழக்கம்போல் கண்டிக்கப் போனேன். திரையில் சுடுவதும் வெட்டுவதும் இல்லை. சில குறியீடுகள் மட்டுமே இருந்தன. மகள் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் அவற்றை வரைந்து, பக்கத்தில் கேள்விக்குறி இட்டிருந்தாள்.

"அப்பா, நீங்கள் மொழி ஆசிரியர்தானே? இதைக் கொஞ்சம் ஆடிப் பாருங்கள்" என்று இருக்கையை விட்டு எழுந்தாள். அன்று உட்கார்ந்தவன், விடுமுறை முடியும்வரை நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன்.

சென்னார் கோபுரம்

அவ்விளையாட்டின் பெயர் 'சாண்ட்ஸ் ஆஃப் சென்னார்'. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வெளிவந்தது. பிரான்சு நாட்டின் துலூஸ் நகரைச் சேர்ந்த 'ரண்டிஸ்க்' என்னும் மிகச் சிறிய குழுவின் படைப்பு. இப்படி ஒருவரோ ஒரு சிலரோ தங்கள் மனத்துக்குப் பட்டபடி உருவாக்கும் விளையாட்டுகளை 'இண்டி' விளையாட்டுகள் என்கிறார்கள். பெருநிறுவனங்களின் ஆரவார விளையாட்டுகளை மட்டுமே அறிந்திருந்த எனக்கு இப்படியோர் உலகம் இருப்பதே தெரியாது.

விவிலியத்தில் வரும் பாபேல் கோபுரக் கதையைத் தழுவியது இது. உயர்ந்த கோபுரம் ஒன்றில் ஐந்து இனத்தார் ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்காமல் வாழ்கின்றனர். முக்காடிட்ட பயணி ஒருவர் அடித்தளத்தில் கண்விழிக்கிறார். அந்தப் பயணிதான் நாம். நமக்கு எந்த மொழியும் தெரியாது. ஒரு கதவு, அதனருகே ஒரு நெம்புகோல், மேலே சில குறியீடுகள். நெம்புகோலை இழுத்தால் கதவு திறக்கிறது. அப்படியானால் இக்குறியீடு 'திற' என்பதாக இருக்குமோ? இப்படித்தான் பாடம் தொடங்குகிறது. ஆசிரியர் இல்லை, அகராதி இல்லை.

புதிய குறியீட்டைக் காணும்போதெல்லாம், நம் ஊகத்தை அதன்கீழ் எழுதி வைத்துக்கொள்ளலாம். சில இடங்களைக் கடந்த பின், பயணியின் ஏட்டில் படங்கள் தோன்றும். ஒவ்வொரு படத்துக்கும் உரிய குறியீட்டைப் பொருத்த வேண்டும். ஒரு பக்கத்திலுள்ள அனைத்தும் சரியாக அமைந்தால் அப்பக்கம் உறுதியாகிறது. தவறாக அமைந்தால்...? ஒன்றும் நடக்காது. மணி அடிக்காது, புள்ளி குறையாது, சிவப்பு நிறம் வராது. பக்கம் அப்படியே காத்திருக்கும்.

மூன்று நாள் நான் ஒரு குறியீட்டுக்குத் தவறான பொருளை வைத்துக்கொண்டு அலைந்தேன். கையை உயர்த்தி ஒருவர் சொன்ன சொல்லை 'நான்' என்று குறித்து வைத்திருந்தேன். அவர் எனக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார்! மேலும் இருவர் அதே சொல்லைச் சொல்லிக் கையுயர்த்தியபோதுதான் விளங்கியது. என்னை யாரும் திருத்தவில்லை. நானே அடித்துவிட்டு நானே எழுதிக்கொண்டேன். அதில் கிடைத்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இரட்டித்து வந்த குறியீடு

அடித்தளத்தில் வாழ்பவர்கள் பக்தர்கள். அவர்களின் எழுத்தில் ஓரிடத்தில் ஒரே குறியீடு இருமுறை அடுத்தடுத்து வந்தது. அச்சுப்பிழையோ என்று எண்ணினேன். அழுத்திச் சொல்கிறார்களோ என்றும் எண்ணினேன். அரை மணி நேரம் போராடினேன். என் மகள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இது மலாய் மாதிரி. புக்கு-புக்கு, லெம்பு-லெம்பு. ஒன்றுக்கு மேல் என்று அர்த்தம்" என்றாள்.

ஆம், பன்மை! மலாய்மொழியில் பெயர்ச்சொல்லை இரட்டித்தால் பன்மைப் பொருள் தருவதுபோல, பக்தர்கள் குறியீட்டை இரட்டித்து எழுதுகின்றனர். அடுத்த தளத்தில் வாழும் வீரர்கள் அப்படிச் செய்வதில்லை. நம் 'கள்' விகுதியைப்போல, பன்மைக்கென்றே அவர்களிடம் தனிக் குறியீடு உண்டு. அதற்கும் மேலே பாணர்களின் தளத்தில் சொல்வரிசையே மாறி, செயப்படுபொருள் முன்னே வந்து நிற்கிறது. இலக்கணம் கற்பிக்கும் எவருக்கும் இது விருந்துதான்.

ஆனால், எனக்கு அந்த விருந்து தொண்டையில் இறங்கவில்லை. மகள் 'லெம்பு-லெம்பு' என்று சொன்ன அந்த நொடியில், எட்டு ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் இருந்த ஒரு மாணவன் கண்முன் வந்து நின்றான்.

மாடு மாடு

அவன் அப்போது இரண்டாம் ஆண்டு மாணவன். தந்தை தமிழர், கனவுந்து ஓட்டுநர். தாயார் சபா மாநிலத்தவர். வீட்டில் பேச்சுமொழி மலாய். "என் பேரன் தமிழ் படிக்க வேண்டும்" என்ற பாட்டியின் பிடிவாதத்தால் தமிழ்ப்பள்ளிக்கு வந்தவன். வகுப்பில் வாய் திறக்கமாட்டான். கடைநிலை மாணவர் பட்டியலில் அவன் பெயரை நான்தான் எழுதினேன்.

ஒருநாள் ஒருமை-பன்மைப் பயிற்சி. படத்தைப் பார்த்துச் சொல் எழுத வேண்டும். ஒரு மாடு உள்ள படத்தின்கீழ் 'மாடு' என்று எழுதியிருந்தான். மூன்று மாடுகள் உள்ள படத்தின்கீழ் 'மாடு மாடு'. பூக்கள் உள்ள படத்தின்கீழ் 'பூ பூ'. பத்துக் கேள்விகளில் ஐந்து பன்மை. ஐந்துக்கும் அதே முறை. ஐந்தையும் சிவப்பு மையால் அடித்தேன். அதோடு நின்றிருந்தால்கூட இன்று இவ்வளவு உறுத்தியிருக்காது. அந்தப் பயிற்சிப் புத்தகத்தை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோய், "இங்கே பாருங்கள், மாடு மாடாம்" என்று காட்டினேன். எல்லோரும் சிரித்தோம். அதனால்தான் அப்பக்கம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

அவன் செய்தது பிழைதான். தமிழில் அது பன்மை ஆகாது. ஆனால், அது அறியாமையால் வந்த பிழையன்று. ஒன்றுக்கும் பலவற்றுக்கும் வேறுபாடு உண்டு என்று உணர்ந்து, தனக்குத் தெரிந்த மொழியிலிருந்து ஒரு விதியை எடுத்து, ஐந்து இடத்திலும் மாறாமல் பயன்படுத்தியிருக்கிறான் எட்டு வயதுப் பிள்ளை. நான் கணினி முன் அரை மணி நேரம் திணறிய இடத்தை அவன் தனியாகக் கடந்து வந்திருக்கிறான். 'சரி, நீ பன்மையைக் கண்டுபிடித்துவிட்டாய். தமிழில் அதற்குக் கள் சேர்ப்போம்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை.

அந்த ஆண்டின் இறுதியில் தாயார் வந்தார். மகன் எழுதவே மறுக்கிறான், பள்ளி என்றாலே அழுகிறான் என்றார். "தேசியப் பள்ளிக்கு மாற்றினால் அவனுக்கு எளிதாக இருக்கும்" என்று நான் அறிவுரை கூறினேன். நல்லதைச் சொல்கிறேன் என்றே நம்பினேன். அடுத்த ஆண்டு அவன் வரவில்லை.

சென்னார் கோபுரத்தில் வீரர்கள், கீழே வாழும் பக்தர்களைக் குறிக்க ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அதன் பொருள் 'தூய்மையற்றோர்'. பக்தர்களுக்கு அது தெரியாது. அவர்களுக்குத் தங்கள் பெயர் வேறு. ஏட்டில் அச்சொல் உறுதியானபோது எனக்குக் 'கடைநிலை' என்ற சொல் நினைவுக்கு வந்தது. நாம் பட்டியலில் எழுதும் அச்சொல் அந்தப் பிள்ளையின் மொழியில் என்னவாக இருக்கும்?

அறுபது பேர் இல்லாத கப்பல்

மகள் அடுத்துக் காட்டியது 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'. லூக்கஸ் போப் என்பவர் ஏறத்தாழத் தனியொருவராகவே உருவாக்கி, 2018இல் வெளியிட்டது. 1802இல் இலண்டனிலிருந்து 60 பேருடன் கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்ட வணிகக்கப்பல் காணாமற்போகிறது. 1807இல் ஆளே இன்றி இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்தில் வந்து ஒதுங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்புறுதி ஆய்வாளராக நாம் ஏறிப் பார்க்கிறோம். ஒவ்வொருவரும் யார், எப்படி முடிந்தார் என்று ஏட்டில் எழுத வேண்டும். கடலோடிகளில் இந்தியர், சீனர், பாரசீகர் எனப் பல நாட்டினரும் உள்ளனர்.

யாரும் தம் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்பதில்லை. பேச்சின் சாயல், உடை, தொங்கு படுக்கையில் எழுதிய எண் என்று சிறுசிறு சான்றுகளைக் கொண்டே உய்த்துணர வேண்டும். மூவரைப் பற்றிய விடைகள் முழுதும் சரியாக அமைந்தால்தான் அம்மூன்றையும் விளையாட்டு உறுதிசெய்யும். குருட்டுத்தனமாக ஒன்றை எழுதிச் சோதித்துப் பார்க்க முடியாது. இதில் பிணங்களும் குருதியும் நிறைய உண்டு. ஆகவே, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இது அறவே வேண்டாம்.

நம் கருத்துணர் கேள்விகளை எண்ணிப் பாருங்கள். பத்தியில் உள்ள வரியை அப்படியே பெயர்த்து எழுதினால் புள்ளி கிடைத்துவிடுகிறது. 'எதனால் அப்படிச் சொல்கிறாய்?' என்று எத்தனை முறை கேட்கிறோம்?

'அவுட்டர் வைல்ட்ஸ்' (2019) என்ற மற்றொன்றையும் மகள் ஆடினாள். சிறு விண்கலத்தில் கோள்களைச் சுற்றிவரும் விளையாட்டு. 22 நிமிடத்தில் கதிரவன் வெடிக்க, எல்லாம் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். நம்மிடம் எஞ்சுவது நாம் தெரிந்துகொண்டது மட்டுமே. அறிவைத் தவிர வேறு பரிசு இல்லை! எனக்குத் தலை சுற்றியதால் பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டேன்.

வகுப்பறையில்

பள்ளி திறந்ததும் குறைநீக்கல் வகுப்பில் சில மாற்றங்களைச் செய்தேன்.

1. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் 'ஊக ஏடு'. புதிய சொல்லின் பொருளைப் பென்சிலால் ஊகித்து எழுதலாம். அதில் நான் பேனா வைப்பதில்லை.

2. விடைகளை ஒவ்வொன்றாகத் திருத்தாமல் மும்மூன்றாகப் பார்க்கிறேன். மூன்றும் சரியென்றால் மட்டும் 'சரி' இடுகிறேன். இல்லையென்றால் ஏட்டை அப்படியே திருப்பிக் கொடுக்கிறேன். பிள்ளைகள் கூடிப் பேசித் தாங்களே தேடுகிறார்கள்.

3. பிழையைக் கண்டால், முதலில் "இதை எப்படி யோசித்தாய்?" என்று கேட்கிறேன். நேரம் பிடிக்கிறது; பாடத்திட்டம் பின்தங்குகிறது; உண்மைதான். ஆனால், கிடைக்கும் விடைகள் என்னை வெட்கப்பட வைக்கின்றன.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லா விளையாட்டும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பணம் கறக்கும் விளையாட்டுகளும், இரவு முழுவதும் விழிக்க வைக்கும் விளையாட்டுகளும் இன்றும் உண்டு. பிள்ளை என்ன ஆடுகிறது என்று பக்கத்தில் அமர்ந்து பாருங்கள். நேரத்தை வரையறுங்கள். மாட்டிக்கொண்டால் உடனே யூடியூபில் விடையைத் தேட விடாதீர்கள். ஓரிரவு பொறுத்தால் மறுநாள் தானே விளங்கும்.

கடைசியாக ஒன்று. பழைய பதிவேட்டில் அம்மாணவனுடைய தந்தையின் எண் இருந்தது. இரண்டு நாள் தயங்கி, பிறகு அழைத்தேன். மகன் இப்போது நான்காம் படிவம் படிக்கிறானாம், நன்றாகவே படிக்கிறானாம். தமிழ் வாசிக்கத் தெரியுமா என்று கேட்டேன். "இல்லை ஐயா. அவன் பாட்டி இருக்கும்வரை பேச்சு மட்டும் கொஞ்சம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை" என்றார். நான் அழைத்த காரணத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ஐயா, அதெல்லாம் பழைய கதை" என்றார்.

அவருக்கு அது பழைய கதையாக இருக்கலாம். என் மேசைமேல் இன்று 28 பயிற்சிப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒருமை-பன்மைப் பயிற்சி. இன்னும் திருத்தத் தொடங்கவில்லை.