பூப்போட்ட அட்டைப் புத்தகம்



கொஞ்சம் நீண்ட பதிவு. பொம்புளப் பிள்ளைகள் இருக்கிற வீட்டு உம்மாமாரும் வாப்பாமாரும் நேரம் எடுத்து வாசித்தால் சந்தோஷம். ஏசுவதாக இருந்தாலும் முழுதாக வாசித்துவிட்டு ஏசுங்கள். (சம்பந்தப்பட்ட பிள்ளையிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஆளைக் காட்டிக் கொடுக்கும் விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

போன தவணையில் ஒரு நாள், பிள்ளைகள் போன் கொண்டு வருகிறார்கள் என்று முறைப்பாடு வந்து உயர்தர வகுப்புகளில் பேக் செக் பண்ணினார்கள். போன் ஒன்றும் அகப்படவில்லை. தரம் 12 பிள்ளை ஒருத்தியின் பேக்கில் ஒரு இங்கிலீஷ் நாவல் அகப்பட்டது. பூப்போட்ட அட்டை. கொலீன் ஹூவர் எழுதிய 'இட் என்ட்ஸ் வித் அஸ்'.

இன்டர்வெல்லுக்கு முன்னமே அது ஸ்டாஃப் ரூமில் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. ஒரு டீச்சர் நடுப்பக்கத்தைத் திறந்து இரண்டு வரி வாசித்துவிட்டு "அஊது பில்லாஹ்" என்று மூடி வைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் திறந்த பக்கம் அப்படி. உம்மாவைக் கூப்பிட வேண்டும், வாப்பாவைக் கூப்பிட வேண்டும், இப்படியே விட்டால் படிப்பு எங்கே போய் முடியும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் இங்கிலீஷ் டீச்சர் என்றபடியால் தீர்ப்புச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. "ரெண்டு நாள் தாங்க, வாசிச்சிட்டுச் சொல்றன்" என்றேன்.

"வாசிக்கவா போறீங்க?"

அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. ஓஎல் படிக்கிற காலத்தில் எங்கள் வீட்டில் ரமணிசந்திரன் நாவல்கள் ராத்தாவின் தலையணைக்குக் கீழேதான் இருக்கும். பக்கத்து வீட்டு மச்சிமார், அவர்களின் கூட்டாளிமார் என்று பத்துக் கை மாறி, அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் இல்லாமல் வரும். பாடப் புத்தகத்துக்குப் போடுவது போலப் பேப்பர் உறை போட்டு, மேலே 'வரலாறு' என்று எழுதி வைத்திருந்தோம். வாப்பாவுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். வரலாற்றில் அவ்வளவு ஆர்வம் காட்டிய பிள்ளைகள் பரீட்சையில் எடுத்த மார்க் அவருக்குத் தெரியாதா?

அந்தக் கதைகளில் காதல் சுத்தமாக இருந்தது. கையைப் பிடிப்பதற்கே நூறு பக்கம் ஆகும். ஆனால் எனக்குள் தங்கிப்போனது வேறொன்று. கதாநாயகன் கோபக்காரனாக இருப்பான். சந்தேகப்படுவான், சுடுசொல் சொல்வான், கடைசியில் அத்தனையும் அன்பினால்தான் என்று தெரியவரும். அவள் பொறுத்திருந்ததற்குக் கூலி கிடைக்கும். பதினாறு வயதில் இதையே நாற்பது ஐம்பது புத்தகம் வாசித்தால் மனதில் என்ன பதியும்? கோபம் கூடின ஆளுக்குப் பாசம் கூட என்று பதியும். எனக்குப் பதிந்தது.

கல்வியியற் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவளுக்கு இறுதி வருடத்தில் நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளை ஒரு நாளைக்கு இருபது தடவை கோல் எடுப்பார். வகுப்பில் இருந்து எடுக்காவிட்டால் அன்று இரவு முழுக்க விசாரணை. யார் யாரோடு கதைத்தாய், பக்கத்தில் யார் இருந்தது, போனைக் கூட்டாளியிடம் கொடு. நாங்கள் நான்கு பேர் கட்டிலில் உட்கார்ந்து அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டோம். உண்மையாகத்தான் சொல்கிறேன். "எவ்வளவு பாசம்டி" என்று நானே சொன்னேன். மூன்று வருடம் கழித்து அவள் கைக்குழந்தையோடு உம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, நான் சொன்ன அந்த வார்த்தை எனக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று இதுவரை கேட்டதில்லை.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். இரண்டு இரவு, இஷா தொழுது பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு வாசித்தேன். (இவர் என்ன புத்தகம் என்று கேட்டார். ஸ்கூல் வேலை என்றேன். பொய்யில்லை.)

2016இல் வந்த நாவல். 2024இல் படமாகவும் வந்தது, அதனால்தான் இங்கே பிள்ளைகளுக்குப் பேர் தெரியும். லிலி என்ற பெண் அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்தில் பூக்கடை திறக்கிறாள். அவளுடைய வாப்பா உம்மாவை அடிக்கிறவர். அதைப் பார்த்து வளர்ந்தவள். உம்மா ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை என்று உம்மா மீதே கோபம். பிறகு மூளை சத்திரசிகிச்சை டொக்டர் ஒருவரைக் கட்டுகிறாள். நல்ல மனிசன், கெட்டிக்காரன், இவள் மேல் உயிர். அவனும் அடிக்கிறான். அடித்துவிட்டு அழுகிறான். அவள் மன்னிக்கிறாள், திரும்பவும் நடக்கிறது. தன் உம்மா போகாமல் இருந்தது ஏன் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்குகிறது. கடைசியில் பெண் பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு விவாகரத்துக் கேட்கிறாள். நாளைக்கு உன் மகள் வந்து, புருஷன் அடிக்கிறான் என்று சொன்னால் நீ அவளுக்கு என்ன சொல்வாய் என்று அவனிடமே கேட்கிறாள்.

அந்த இடத்தில் நான் அழுதேன். எழுத்து பெரிய எழுத்தில்லை. சில இடங்களில் டிவி நாடகம் போல இழுக்கிறது. கட்டில் காட்சிகள் இருக்கின்றன, பல பக்கங்களுக்கு. அவற்றை நான் 17 வயதுப் பிள்ளையிடம் கொடுக்க மாட்டேன், உங்களையும் கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் "அசிங்கப் புத்தகம்" என்ற ஒரே சொல்லில் அதை மூடி வைக்கவும் என்னால் முடியவில்லை.

பெற்றோருக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது அநேகருக்குத் தெரியாது. 'யங் அடல்ட்' என்று ஒரு வகை, 'நியூ அடல்ட்' என்று இன்னொரு வகை. முதலாவது பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக எழுதுவது, பாத்திரங்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். இரண்டாவது பதினெட்டு தாண்டியவர்களைப் பற்றியது. கெம்பஸ், முதல் வேலை, தனி அறை. அங்கே கதவு மூடாது, காட்சி முழுதாக வரும். 2009இல் ஒரு அமெரிக்கப் பதிப்பகம் இந்த இரண்டாவது பேரைப் பயன்படுத்தத் தொடங்கியது, பிறகு அதுவே பெரிய வியாபாரமாகிவிட்டது. பிரச்சினை என்னவென்றால் இரண்டுக்கும் அட்டை ஒரே மாதிரி. கார்ட்டூன் படம், பூ, இளம் நிறங்கள். கொழும்பு நடைபாதைக் கடையில் ஒரே அடுக்கில் ஒரே விலைக்குக் கிடக்கும். பிடிஎஃப் என்றால் அட்டையும் இல்லை. அட்டையைப் பார்த்து நாங்கள் "பிள்ளைப் புத்தகம்" என்று நினைப்போம், பிள்ளைக்கு உள்ளே இருப்பது தெரியும்.

அதற்காக வகையைப் பார்த்து மட்டும் நல்லது கெட்டது சொல்லவும் முடியாது. ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' 2005இல் வந்த யங் அடல்ட் நாவல். முதல் புத்தகத்தில் முத்தத்துக்கு மேல் எதுவும் இல்லை. எங்கள் கணக்கில் பாஸ். ஆனால் அதில் அவன் அவளுக்குத் தெரியாமல் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், அது அவளுக்குப் பெரிய காதலாகத் தெரிகிறது. அன்னா டொட்டின் 'ஆஃப்டர்' 2013இல் வாட்பேட் செயலியில் அத்தியாயம் அத்தியாயமாக வந்தது. ஒரு பாடகனை நினைத்து ரசிகை எழுதிய கதை. அதில் அவன் அவளை வைத்துக் கூட்டாளிகளோடு பந்தயம் கட்டுகிறான். அது தெரிந்த பிறகும் கதை அவர்களைச் சேர்த்து வைக்கவே பாடுபடுகிறது, புத்தகம் புத்தகமாக. என்னைக் கேட்டால் இந்த இரண்டும் ஹூவரின் புத்தகத்தை விட ஆபத்து. அதில் அடி அடியென்றே சொல்லப்படுகிறது. இவற்றில் அது பாசம் என்ற பேரில் வருகிறது, நாங்கள் 'வரலாறு' என்று உறை போட்டு வாசித்தவற்றில் வந்தது போல.

மூன்றாம் நாள் பிள்ளையைக் கூப்பிட்டேன். கிரவுண்ட் பக்கம் வேப்ப மரத்தடியில் இருந்தோம். பர்தா நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஏச்சு வரும் என்று தயாராக வந்திருக்கிறாள்.

"எதுக்கு மகள் இந்தப் புக்க வாசிச்ச?"

"பொடுபோக்குக்கு இல்ல டீச்சர்."

"பின்ன?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளுக்கும் இப்பிடித்தான். அவ ஏன் திரும்பத் திரும்பப் போறா எண்டு எனக்கு விளங்கல்ல. படத்துட ட்ரெய்லர் பாத்தன். அதுல இரிக்கும் எண்டு நெனச்சி வாங்கின."

"இருந்திச்சா?"

"கொஞ்சம் விளங்கின டீச்சர்."

அந்த ஆள் யார் என்று இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. கவுன்சிலிங்குக்குப் பொறுப்பான டீச்சரோடு சேர்ந்து செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருக்கிறோம். யாருக்காவது தேவைப்படும் என்பதால் மட்டும் சொல்கிறேன்: பெண்களுக்கான அரசாங்க உதவி இலக்கம் 1938.

அன்று வீட்டுக்கு வந்தும் எனக்கு ஒரே யோசனை. ஒரு பிள்ளை தன் குடும்பத்தில் நடப்பதை விளங்கிக்கொள்ள பொஸ்டன் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. எங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "ஸபூர் செய்ங்க மகள்" என்றுதான் சொல்லியிருப்போம். எங்கள் சமூகத்தில் அறிஞர் சித்திலெப்பை 'அசன்பே சரித்திரம்' என்று நாவல் எழுதியது 1885இல். தமிழில் நாவல் என்ற ஒன்றே புதிதாக இருந்த காலம். இன்றைக்கு, பர்தா போட்டு பஸ்ஸில் டியூஷன் போகிற 17 வயதுப் பிள்ளையின் மனதை, அவள் வயதுக்கு, அவள் பேசுகிற தமிழில் சொல்கிற ஒரு நாவலை எடுத்து அவள் கையில் கொடுக்கலாம் என்று அலுமாரியைத் துழாவினேன். நல்ல கவிதை இருந்தது, நல்ல சிறுகதை இருந்தது. அப்படி ஒரு நாவல் இருக்கவில்லை. எழுதுகிறவர்கள் இந்த லிஸ்டில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் சொல்லி வைக்கிறேன்.

கடைசியில் எடுத்தது எஸ்.கே. அலி என்ற கனடா எழுத்தாளரின் 'ஸெயின்ட்ஸ் என்ட் மிஸ்ஃபிட்ஸ்'. 2017இல் வந்தது. தம்பி கட்டாரில் இருந்து லீவில் வரும்போது கொண்டுவந்து தந்த புத்தகம். ஜன்னா என்று ஹிஜாப் போடுகிற பிள்ளை. தொழுகிறாள், காக்காவோடு சண்டை பிடிக்கிறாள், ஒரு பையன் மேல் மனம் போகிறது, அது சரியா பிழையா என்று குழம்புகிறாள். இதற்கிடையில் குர்ஆனை மனனம் செய்த, பள்ளிவாசலில் எல்லோரும் மதிக்கிற ஒருவன் அவளிடம் முறைகேடாக நடக்கப் பார்க்கிறான். சொன்னால் யார் நம்புவார்கள் என்ற பயத்தைத்தான் புத்தகம் முழுக்கச் சுமந்துகொண்டு திரிகிறாள். சிலருக்கு இது உறுத்தும். எனக்கும் உறுத்தியது. ஆனால் அதில் தீன் குற்றவாளி இல்லை. அவள் தைரியம் எடுப்பதும் அதே தீனுக்குள் இருந்துதான். அதே எழுத்தாளரின் 'லவ் ஃப்ரொம் ஏ டு இஸட்' கொஞ்சம் இலகுவானது. தோஹாவில் நடக்கிற காதல், கட்டில் காட்சி கிடையாது. ஜென்னி ஹானின் 'டூ ஓல் த போய்ஸ்' வரிசையில் முதலாவது புத்தகமும் எனக்குப் பிடிக்கும். அதில் காதலை விட உம்மா இல்லாத மூன்று சகோதரிகளின் வீடுதான் மனதில் நிற்கும்.

ஸ்டாஃப் ரூமில் என் தீர்ப்பைக் கேட்டார்கள். "வயசுக்குக் கூடின புத்தகம், ஆனா கெட்ட புத்தகம் இல்ல. வீட்டுக்கு அறிவிக்கத் தேவையில்ல, நான் பாத்துக்கொள்றன்" என்றேன். இரண்டு பேர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. உம்மாவுக்குச் சொல்லாமல் விட்டது சரியா என்று எனக்கும் முழுதாக நிம்மதியில்லை. என் மகள் என்றால் எனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்பேன். ஆனால் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் புத்தகத்தைப் பற்றி மட்டும்தான் பேசியிருப்பார்கள்.

பிள்ளை ஜன்னாவின் கதையை ஒரு கிழமையில் முடித்துக் கொண்டுவந்தாள்.

"எப்பிடி?"

"நல்லம் டீச்சர். கொஞ்சம் ஸ்லோ."

பிறகு போகாமல் நின்றாள்.

"டீச்சர், என்ட புக்?"

"அது இப்ப தர ஏலாது."

"பெருநாள் காசில வாங்கின டீச்சர். 1,200 ரூபா."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. காசைத் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். ஏஎல் கடைசிப் பேப்பர் முடிகிற அன்றைக்கு வா, கையில் தருகிறேன் என்று சொன்னேன். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். மேசையில் கிடந்த பேனையை எடுத்து, புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, தன் பேரையும் சுட்டிலக்கத்தையும் எழுதி, கீழே என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள்.

புத்தகம் இப்போது என் அலுமாரியில், துணிகளுக்குக் கீழே இருக்கிறது. பேப்பர் உறை போட்டிருக்கிறேன். மேலே எதுவும் எழுதவில்லை.