போனவளைத் தேடினோம், இருந்தவள் கிடைத்தாள்

என் தம்பி கனடாவில், வின்னிபெக்கில் இருக்கிறான். கட்டியிருப்பது அந்த ஊர்ப் பெண்ணை. என்னை "அக்கா" என்று மட்டும் தமிழில் கூப்பிடுவாள். மற்றதெல்லாம் இங்கிலீஷ்தான், தம்பி எனக்குச் சொல்லுவான். அவளுடைய கொள்ளுப்பாட்டியின் பாட்டி ஸ்காட்லாந்தில் கில்டோனன் என்ற பள்ளத்தாக்கில் பிறந்தவளாம். அந்த வேரைத் தேடி அவர்கள் போன கோடையில் புறப்பட்டபோது, "நீங்களும் வாங்க" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

முதலில் எடின்பரோவில் பழைய பதிவேடுகள் இருக்கும் ஆபீஸ். பெரிய குவிமாடம் வைத்த கட்டடம். பாட்டியின் பெயரைச் சொன்னால் அதே பெயரில் வரிசையாக வந்துகொண்டே இருக்கிறது! அங்கேயும் நம்மைப் போலத்தான். மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், மூத்த பெண்ணுக்கு அம்மாவைப் பெற்றவள் பெயர். ஒரே பள்ளத்தாக்கில் ஒரே பெயரில் பத்துப் பேர். முதல் நாள் முழுக்கத் தேடியும் ஒன்றும் ஆகவில்லை. தம்பி மனைவிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மறுநாள் அங்கே வேலை பார்க்கும் ஒரு அம்மாள் யோசனை சொன்னாள். "போனவளை விடுங்கள். அவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாராவது ஊரிலேயே தங்கினார்களா, பாருங்கள்." ஒரு அக்கா இருந்திருக்கிறாள்! 1855-இல் ஹெம்ஸ்டேல் என்ற மீனவ ஊரில் இறந்திருக்கிறாள். அந்த வருஷம்தான் அங்கே அரசாங்கப் பதிவே ஆரம்பம். முதல் வருஷ உற்சாகம் போலிருக்கிறது, இறந்தவள் பிறந்த ஊர், பெற்ற பிள்ளைகள் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். அடுத்த வருஷமே வேலை அதிகம் என்று பாதியைக் குறைத்துவிட்டார்களாம்.

எனக்கு ஆச்சரியம் வேறொன்று. கல்யாணமாகி எத்தனை வருஷமானாலும் அந்த நாட்டுப் பதிவில் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் போவதில்லை. அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் கூடவே இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் மேலே ஏறினோம். தகப்பனார் கில்டோனனில் குத்தகை விவசாயி. சாவைப் பதிய வந்த மகனுக்கு எழுதத் தெரியாது. பெயருக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தான்.

இன்வர்னெஸ்ஸிலிருந்து ரயில். கில்டோனன் ஸ்டேஷனில் வண்டி தானாக நிற்காது, முன்கூட்டிச் சொல்ல வேண்டும். ஆறு, பச்சை மலை, ஆடுகள். மனுஷரைக் காணோம்! 1813-லிருந்து அந்த நிலத்துக்குச் சொந்தக்காரியான சதர்லாண்டுச் சீமாட்டியும் அவள் கணவரும், ஆட்டு மந்தைக்குத்தான் லாபம் அதிகம் என்று குத்தகைக்காரர்களை வெளியேற்றினார்கள். வீடு இருந்த இடத்தில் முழங்கால் உயரக் கல் வரிசையும், நடுவில் காஞ்சொறிச் செடியும்தான் மிச்சம். தம்பி மனைவி ஒரு கல்லில் போய் உட்கார்ந்தாள். பேசவே இல்லை. மிட்ஜ் என்று ஒரு பூச்சி, கொசுவில் கால்வாசி கூட இராது, என் முகத்தைப் பிய்த்தெடுத்துவிட்டது. ஆனாலும் அவளை எழுப்ப மனசு வரவில்லை.

தங்கை 1813 ஜூனில் கப்பலேறியவள். செல்கிர்க் பிரபு கனடாவில் நிலம் தருவதாகக் கூட்டிப்போன கூட்டத்தில் சுமார் தொண்ணூறு பேர். கப்பலிலேயே டைஃபஸ் ஜுரம் பரவிச் சிலர் இறந்தார்கள். சேர வேண்டிய இடத்துக்கு வெகு வடக்கே கப்பல்காரன் இறக்கிவிட்டான். குளிர்காலத்தைக் குடிசையில் கழித்து, 1814 ஏப்ரலில் இளவயதுக்காரர்கள் நூறு மைலுக்கும் மேல் பனியில் நடந்தார்கள். பிறகு அவர்கள் கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம்தான் இன்றைய வின்னிபெக்.

இருந்தவர்கள் பாடு மட்டும் சுகமா? விவசாயிகளைக் கடற்கரைக்குத் தள்ளி, மீன் பிடித்துப் பிழையுங்கள் என்றார்கள். ஹெம்ஸ்டேலுக்கு வடக்கே பாட்பே என்ற மலை விளிம்பில் சில குடும்பங்கள் குடியேறின. காற்று தூக்கிக் கடலில் போட்டுவிடும் என்று ஆடுமாடுகளோடு குழந்தைகளையும் கயிறு போட்டுக் கட்டி வைப்பார்களாம். அங்கே நின்றபோது என் புடவைத் தலைப்பே பறந்தது. கட்டிய பிள்ளையை விட்டுவிட்டு அந்தத் தாய் எப்படி அடுப்பைப் பார்த்திருப்பாள்?

ஹெம்ஸ்டேலில் 2007-இல் ஒரு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். புருஷன் கடலைப் பார்க்கிறான். கைக்குழந்தையோடு இருக்கும் மனைவி மட்டும் திரும்பிப் பள்ளத்தாக்கைப் பார்க்கிறாள். இதே சிலை அடுத்த வருஷம் வின்னிபெக்கிலும் வைக்கப்பட்டதாம். "எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கேன் அக்கா, அவள் எதைப் பார்க்கிறாள் என்று தெரியாது" என்றாள் தம்பி மனைவி.

தங்கிய வீட்டு அம்மாள் காலையில் ஓட்ஸ் கஞ்சி கொடுத்தாள், சர்க்கரை இல்லாமல் உப்புப் போட்டு. நம் கேழ்வரகுக் கஞ்சி மாதிரி இருந்தது. "உங்கள் ஆட்கள் போனவர்களா, இருந்தவர்களா?" என்று கேட்டாள். "இரண்டும்" என்றாள் இவள், பெருமையாக.

திரும்பும் ரயிலில் என்னைக் கேட்டாள். "அக்கா, உங்க அம்மாவோட பாட்டி பேர் என்ன?"

எனக்கு 'ஆத்தூர்ப் பாட்டி' என்றுதான் தெரியும். அன்று ராத்திரியே ஊரில் இருக்கும் சித்திக்குப் போன் போட்டேன். அவளுக்கும் ஆத்தூர்ப் பாட்டிதான்.