தாப்பா சாலையில் கண்சிமிட்டிய விளக்கு

கேமரன் மலைக்கு இன்று சிம்பாங் பூலாய் வழியாகவும் ஏறலாம். ஆனாலும் தாப்பாவிலிருந்து போகும் பழைய பாதையை, அதாவது 59ஆம் எண் கூட்டரசுச் சாலையை, விட்டுக்கொடுக்க மனம் வராதவர்கள் நம்மில் பலர். வழியில் மூங்கில் புதர்கள், பூர்வக்குடியினர் பெத்தாய் விற்கும் சிறு கடைகள், லாத்தா இஸ்கண்டார் அருவி. 1,400 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவை எட்டும்வரை வளைவுக்கு மேல் வளைவு. பிள்ளைகளுக்குத் தலைசுற்றும், காருக்கோ அது பரீட்சை.

சமவெளியில் ஒளிந்திருக்கும் பழுது ஏற்றத்தில் வெளியே வந்துவிடும். கடந்த பள்ளி விடுமுறையில் எங்கள் கார் அருவியைத் தாண்டியதும் குலுங்கியது. மீட்டர் பலகையில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

அந்த விளக்கு நிலையாக எரிந்தால், சூடு ஏறாமலும் எஞ்சின் குலுங்காமலும் இருக்கும்வரை, நிதானமாகப் பட்டறைக்கு ஓட்டிப் போகலாம். கண்சிமிட்டினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. அந்தப் பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதைச் சூட்டிலேயே பாழாக்கிவிடும். சின்னச் செலவு பெரிய செலவாவது அப்படித்தான். மேலே ரிங்லெட் வரை ஏற்றம். கீழே தாப்பா வரை இறக்கம். காரைத் திருப்பி, எண்ணெயை அதிகம் மிதிக்காமல் மெல்ல இறங்கினோம்.

தாப்பா கடைவரிசையில் ஒரு பட்டறை. அறுபது வயது மதிக்கத்தக்க போர்மேன், ஸ்டியரிங்கின் கீழே இருக்கும் துளையில் ஸ்கேனரைச் சொருகினார். திரையில் வந்தது பி0301. முதல் எழுத்து எஞ்சின், கியர் பகுதியைக் குறிக்கும். 0 என்பது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கோட் என்பதற்கு அடையாளம். 3 என்றால் தீப்பொறி சார்ந்த கோளாறு. கடைசி 01, முதல் சிலிண்டர்.

“நாலு காயிலையும் மாத்திடுங்கண்ணே, பிள்ளைங்களோட மலை ஏறணும்” என்றார் என் மைத்துனர்.

“எதுக்குத் தம்பி காச வீணாக்கணும்? கோட் வலிக்கிற இடத்தத்தான் சொல்லும். என்ன நோய்னு நாமதான் பாக்கணும்.”

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள கார் அது. முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டார்; மூன்றாவதை முதலாவதில். கோட்டை அழித்துவிட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த மேட்டில் ஓட்டினார். விளக்கு மறுபடி எரிந்தது. இப்போது திரையில் பி0303! காயில் போன இடத்துக்கே கோளாறும் போய்விட்டது. குற்றவாளி அந்தக் காயில்தான். கோட் இடம் மாறாமல் பி0301 என்றே நின்றிருந்தால், அடுத்து பிளக், பிறகு இன்ஜெக்டர், கடைசியாகக் கம்ப்ரஷன் என்று பார்த்திருப்பாராம். நாலு காயில் மாற்றியிருந்தால் மூன்றின் காசு வீண். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, பொழுது சாய்வதற்குள் மலை ஏறிவிட்டோம்.

எல்லாக் கோடுகளுக்கும் இது பொருந்தும். பி0171 வந்தால் எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். உடனே ஆக்சிஜன் சென்சார் வாங்கக் கூடாது. எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். பெட்ரோல் பம்பும் பலவீனமாகியிருக்கலாம்.

மலைக்குப் போகும் அன்பர்கள் இரண்டை நினைவில் வையுங்கள். கோட்டை அழிப்பதற்கு முன் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அழித்தால், பழுது வந்த நேரத்தில் கார் பதிந்து வைத்த வேகம், சூடு போன்ற விவரங்களும் சேர்ந்து போய்விடும். பட்டறையில் “எந்தச் சாமான் மாத்தணும்?” என்று கேட்பதற்கு முன், “அதுதான் கெட்டுப்போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல போர்மேன் கோபப்பட மாட்டார். காரின் மூடியைத் திறந்து காட்டுவார்.