நீருக்கும் ஒரு வழி

இராமாநுசர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் இன்று தொழிற்சாலைகள் மிகுந்த ஊராக விளங்குகின்றது. அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு முதல் கார்கள் உருவாகி வருகின்றன. ஒரகடம் வரை நீண்டு கிடக்கும் அகன்ற சாலையில் இரவும் பகலும் கனத்த வண்டிகள் ஓடுகின்றன. அச்சாலையிலிருந்து பிரிந்து எங்கள் வீட்டிற்கு வரும் மண்பாதை ஒன்று உண்டு. அதன் நீளம் 600 அடி. அஃது ஊர்ப் பொதுப்பாதை அன்று. வண்டி செல்வதற்காக என் பாட்டனார் தம் நிலத்தில் விட்ட பாதை. ஆதலால் அதனைப் பேணுவது எங்கள் கடமையே.

ஆண்டுதோறும் அக்கடமையைச் செய்ததாகவே நான் எண்ணியிருந்தேன். பாதையில் குழி விழுந்தால் உடைந்த செங்கல்லைக் கொட்டி மூடுவேன். ஐப்பசி மழை வரும். செங்கல் சேற்றில் புதையும். குழி முன்னினும் பெரிதாகும். மழையை நொந்துகொண்டு மறுபடியும் செங்கல் கொட்டுவேன்.

ஒரு கார்த்திகை இரவில் என் அன்னைக்கு மூச்சுத்திணறல் கண்டது. 108 மருத்துவ ஊர்தி விரைந்து வந்தது. ஆயினும் பெருஞ்சாலை வரையில்தான் அதனால் வர இயன்றது. எங்கள் பாதையில் அதன் சக்கரம் அச்சளவு புதைந்துவிடும் என்பதை ஓட்டுநர் கண்டுகொண்டார். நாங்கள் நால்வர் அன்னையைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு, முழங்கால் சேற்றில் தட்டுத் தடுமாறி நடந்தோம். நூறு கல் தொலைவைச் சில மணியில் கடக்கும் இக்காலத்தில், அந்த 600 அடி எனக்கு முடிவற்றதாய்த் தோன்றியது. இறையருளால் அன்னை நலம் பெற்றுத் திரும்பினார். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே என்னை மிகவும் சுட்டது.

சாலைப் பணியாளராய் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் ஊரில் வாழ்கிறார். அவரிடம் சென்று முறையிட்டேன். மறுநாள் நல்ல மழையில் அவர் வந்தார். நான் மண்வெட்டியை எடுத்தேன். அவர் சிரித்து, "தம்பி, இன்று மண்வெட்டி வேண்டா, குடையை எடுத்துக்கொண்டு வா," என்றார்.

இருவரும் பாதையோரத்தில் நின்று நீர் செல்லும் திசையை நோக்கினோம். மேட்டு நிலத்து நீர் வேப்பமரத்தருகே பாதையில் இறங்கிற்று. சக்கரத் தடங்களின் வழியே ஓடிற்று. வாயிலருகே பள்ளத்தில் தேங்கிற்று. "உனக்கு இது பாதை, மழைக்கு இது வாய்க்கால். அதற்கு வேறு வழி காட்டாமல் நீ எத்தனை கூடை கல் கொட்டினாலும் பயன் என்ன?" என்று அவர் வினவினார்.

அவர் கூறியது பழைய உண்மை. ஸ்காத்லாந்து நாட்டில் 1756ஆம் ஆண்டு பிறந்த மக்காடம் என்பவர், ஈரம் புகாமல் காத்தால் அடிமண்ணே எவ்வளவு பாரத்தையும் தாங்கும் என்று கண்டறிந்தார். அவர் முறையில் அமைந்த சாலைகள் பல நாடுகளிலும் பரவின. ஈரம் புகுந்த களிமண் குழைகிறது. சக்கரம் அதைப் பிதுக்கித் தள்ளுகிறது. பள்ளத்தில் மேலும் நீர் தேங்குகிறது. குழி வளரும் வகை இதுவே.

தை பிறந்ததும் வேலையைத் தொடங்கினோம். பாதையின் மேட்டுப் பக்கமாக வாய்க்கால் வெட்டி, நீரை அடுத்தவர் வயலில் விட முற்பட்டேன். பெரியவர் என் கையைப் பற்றினார். "உன் பாதை உலர்வதற்கு அவர் பயிர் அழுகவேண்டுமா?" என்றார். நாணித் தலைகுனிந்தேன். மேலும் 100 அடி வெட்டி நீரை எங்கள் குட்டைக்கே திருப்பினோம். இதனைக் கண்ட அடுத்த வயல்காரர், மறுநாள் சரளை ஏற்றிவரத் தம் டிராக்டரைக் கொணர்ந்து நிறுத்தினார்.

நீர் பாதையைக் குறுக்கிட்ட இடத்தில் சிமெண்டுக் குழாய் பதித்தோம். குழிகளிலிருந்த சேற்றை அள்ளி, கெட்டியான தரை தென்படும் வரை தோண்டினோம். சரளையும் மணலும் சிறிது செம்மண்ணும் கலந்து, சற்றே நீர் தெளித்து, அடுக்கடுக்காகப் பரப்பித் திமிசுக் கட்டையால் இடித்தோம். சரளை பாரத்தைத் தாங்கும். மணல் இடைவெளியை நிரப்பும். செம்மண் இரண்டையும் பிணைக்கும். செம்மண் மிகுந்தால் சேறாகும். குறைந்தால் கல் சிதறும். 10 அடி அகலப் பாதையின் நடுப்பகுதியை ஓரங்களினும் 3 அங்குலம் உயர்த்தினோம். பெய்யும் நீர் இருபுறமும் வழிய அவ்வுயரம் போதும்.

அடுத்த ஐப்பசியில் அடைமழை பெய்தது. குடையோடு வெளியே வந்தேன். நீர் வாய்க்கால் வழியே குட்டைக்குச் சென்றுகொண்டிருந்தது. என் பின்னால் வந்த அன்னை, பாதையின் நடுவே கால் நனையாமல் சிறிது தூரம் நடந்து பார்த்தார். திரும்பி என்னை நோக்கிப் புன்னகை செய்தார்.

எங்கள் வட்டாரம் ஏரிகள் நிறைந்தது. ஏரிக்குக் கரை எடுத்த நம் முன்னோர், மிகுந்த நீர் வழிந்தோடக் கலங்கலும் அமைத்தனர். நீரைத் தேக்கவும் அறிந்தார்கள். அதற்கு வழிவிடவும் அறிந்தார்கள். அவ்வறிவை ஏரிக்கரையில் நாள்தோறும் கண்டும், என் வாயிலில் நான் மறந்திருந்தேன். குறையை மூடி மறைப்பது எளிது. அதன் காரணத்தைக் கண்டு களைவதே செப்பனிடுதலாகும். இப்பொழுது ஒவ்வொரு மழைக்குப் பின்னும் பாதையைச் சுற்றிப் பார்க்கிறேன். குழி சிறிதாயிருக்கும்போதே ஒரு கூடைச் சரளை போதுமானதாக இருக்கிறது.