நடுவுல ஒரு ஜீரோ!

மக்களே, நீங்க எழுதின சி புரோகிராமை உங்களாலேயே படிக்க முடியாமப் போன அனுபவம் உண்டா? எனக்கு உண்டு. அதுவும் ஒரகடத்துல, இன்டர்ன்ஷிப் போன ரெண்டாவது வாரத்துலயே!

வண்டலூர் - வாலாஜாபாத் ரோடும் சிங்கபெருமாள் கோவில் - ஸ்ரீபெரும்புதூர் ரோடும் சந்திக்கிற ஜங்ஷன் வரும்போதுதான் கம்பெனி பஸ்ல எனக்குத் தூக்கமே கலையும். காருக்குப் பார்ட்ஸ் செய்யற ஃபேக்டரி. எனக்குக் கொடுத்த வேலை சிம்பிள். மெஷின் அனுப்புற அளவுகள் பழசுல ஆரம்பிச்சு வரிசையா ஒரு அர்ரேயில இருக்கும். டிஸ்ப்ளே போர்டுல புதுசு மேல தெரியணும். அதாவது, அர்ரேயை அப்படியே திருப்பிப் போடணும். ஆனா ஒரு மெஷின் இன்ட் அனுப்பும், இன்னொண்ணு டபுள். எல்லாத்துக்கும் ஒரே ஃபங்ஷன் வேணும்.

வாய்டு பாயின்ட்டரை வாங்கி, கேரக்டர் பாயின்ட்டரா மாத்தி, பைட் பைட்டா எக்ஸார் போட்டு இடம் மாத்தினேன். டெம்பரரி வேரியபிளே கிடையாது! வேரியபிள் பேரெல்லாம் ஏ, பி, என், எஸ். மொத்தமே நாலு வரி. நாலு எண் கொடுத்துப் பார்த்தேன், பக்காவா திரும்பிச்சு. காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

மறுநாள் ஏழு அளவு வந்துச்சு. நாலாவது இடத்துல ஜீரோ. சென்சார்தான் அவுட்டுனு நினைச்சு, நைட் ஷிஃப்ட் மெயின்டனன்ஸ் அண்ணன் அதைக் கழட்டி மாட்டியிருக்கார். ரெண்டு மணி ராத்திரியில!

காலையில என் சீனியர் திட்டலை. "தம்பி, இந்த நாலு வரியை வாய்விட்டுப் படிச்சு எனக்குப் புரிய வை"ன்னார். மூணாவது வரியில நின்னுட்டேன். அப்பதான் கண்ல பட்டுது. 'லெஸ் தேன்' போட வேண்டிய இடத்துல 'லெஸ் தேன் ஆர் ஈக்வல்' போட்டிருக்கேன். ஒற்றைப்படையில வந்தா நடு எண் தன்னோடயே இடம் மாறும். எந்த எண்ணையும் அதோடயே எக்ஸார் பண்ணினா ஜீரோதானே!

திரும்ப எழுதினோம். இடம் மாத்துறது தனி ஃபங்ஷன், உள்ளே சாதுவா ஒரு டெம்ப். பேரு லெஃப்ட், ரைட். "க்யூசார்ட் எப்படி வாங்குது? அட்ரஸ், எத்தனை, ஒவ்வொண்ணும் எத்தனை பைட். நீயும் அதே வரிசையில வாங்கு, கூப்பிடறவன் குழம்ப மாட்டான்"னார். அர்ரே காலியா இருந்தா? சைஸ்-டிக்கு மைனஸ் தெரியாது பாஸ், ஜீரோவுல ஒண்ணைக் கழிச்சா ராட்சத நம்பராயிடும். அதனால ரெண்டுக்குக் கீழேன்னா முதல் வரியிலயே ரிட்டர்ன்.

நாலு வரி இருபது வரியாச்சு. எந்த வரியிலயும் நிக்காமப் படிச்சேன்.

சாயங்காலம் மெயின்டனன்ஸ் அண்ணன்கிட்ட போய் விஷயத்தைச் சொன்னேன். "விடு தம்பி, சென்சாருக்கு ஒரு சர்வீஸ் ஆச்சு"ன்னு சிரிச்சார். டீக்கும் பஜ்ஜிக்கும் காசு நான்தான் கொடுத்தேன்.