கீரை ஒன்று, மண் வேறு

திருமுல்லைவாயில், திருவேற்காடு, பருத்திப்பட்டு... சென்னைக்கு மேற்கே உள்ள ஊர்களின் பெயர்களிலேயே முல்லையும் வேலமும் பருத்தியும் இருக்கின்றன. இன்று இந்தப் பக்கம் வருகிறவர்களின் கண்ணில் படுவது 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி டேங்க் ஃபேக்டரி, அடுக்குமாடி வீடுகள்தான். ஆனால், நல்ல மழை பெய்து பத்து, பதினைந்து நாள் கழித்து அம்பத்தூரில் ரயிலை விட்டு இறங்கி மேற்கே நடந்து பாருங்கள். காலி மனை, தண்டவாள ஓரம், ஏரிக்கரை என்று எங்கும் யாரும் விதைக்காத கீரைகள் படர்ந்திருக்கும்.

காலையில் இவற்றைப் பறிக்கும் பெண்களையும் பார்க்கலாம். நாலைந்து வகையைச் சேர்த்துக் கட்டி, 'கலவைக்கீரை' என்று மார்க்கெட் வாசலில் விற்பார்கள். மீதம் வீட்டுக் கடைசலுக்கு. காசு கொடுக்காமல் கிடைக்கும் சத்துணவு இது.

கலவையில் என்னென்ன?

தரையோடு படர்ந்து, இலையின் அடிப்பக்கம் வெளுத்து, பொடிப்பொடியாக இளஞ்சிவப்புப் பூ பூப்பது மூக்கிரட்டை. அதைப் போலவே படர்ந்தாலும், சதைப்பற்றான இலையும் இலைக் கக்கத்திலேயே பூவும் உள்ளது சாரணை. மானாவாரி நிலங்களில் களையாக வருவது தொய்யக்கீரை. இவற்றோடு பருப்புக்கீரை, குப்பைக்கீரை, முள்ளுக்கீரை, பண்ணைக்கீரை, வேலியில் ஏறும் முசுமுசுக்கை, கோவை இலை, ஈரமான இடங்களில் பொன்னாங்கண்ணி. வயலில் இதில் பாதியை நாம் களை என்று பிடுங்கி எறிகிறோம்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு அட்டவணையைப் பார்த்தால் எறிய மனம் வராது. 100 கிராம் முட்டைகோஸில் கால்சியம் 39 மில்லிகிராம். பசும்பாலில் 120. பொன்னாங்கண்ணியில் 510, முள்ளுக்கீரையில் 800. கண் பார்வைக்கான கரோட்டின், ரத்தத்துக்கான இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம் எல்லாம் கீரைகளில் உண்டு. பருப்புக்கீரையில் மீனுக்குப் பேர் பெற்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலத்தின் தாவர வகையும் இருக்கிறது.

அட்டவணையில் உள்ளது அப்படியே உடம்பில் சேர்ந்துவிடாது. முள்ளுக்கீரை, பருப்புக்கீரை, சாரணை ஆகியவற்றில் ஆக்சாலிக் அமிலம் அதிகம். அது கால்சியத்தின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைய தண்ணீரில் வேகவைத்து அந்த நீரை வடித்துவிட்டால் அமிலம் குறையும். கூடவே கொஞ்சம் வைட்டமின் சி-யும் போகும் என்பதால், இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு பிழியலாம். இரும்புச்சத்து உடம்பில் சேரவும் அது உதவும். கரோட்டின் சேர ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளித்தால் போதும். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம். சாரணையில் கொழுந்தை மட்டும் கிள்ள வேண்டும். முற்றியது வயிற்றுப்போக்கை உண்டாக்கும். கர்ப்பிணிகள் சாரணையையும், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இந்த மூன்றையும் தவிர்ப்பது நல்லது.

கழுவினால் போகாதா?

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி, காடுவெட்டியில் கூவம் ஆற்றைக் கடக்க வேண்டும். மேற்குப் புறநகரின் கீரைக்கு இருக்கும் சிக்கல் இந்த நீரோட்டங்களில்தான் இருக்கிறது. கழிவுநீர் கலக்கும் இடத்தில் கீரை இன்னும் பசுமையாக, தளதளவென்று வளரும். தழைச்சத்து அதிகம் என்பதுதான் காரணம். பறிக்கிற கையும் அங்கேதான் முதலில் போகும். இப்பகுதி ஏரிகளின் நிலையும் ஊரறிந்தது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம்.

"நல்லா கழுவிட்டா சரியாப் போயிடும்" என்பது பொதுவான நம்பிக்கை. தூசியும் மண்ணும் கழுவினால் போகும். கிருமிகள் வேகவைத்தால் சாகும். வேர் வழியாக இலைக்குள் ஏறிய ஈயமும் காட்மியமும் கழுவினாலும் போகாது, கொதித்தாலும் அழியாது. காய், கிழங்குகளைவிட இலைகளில் காட்மியம் அதிகம் சேரும். அதனால்தான் ஒரு கிலோ இலைக்கீரையில் ஈயம் 0.3 மில்லிகிராம், காட்மியம் 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச உணவுத் தர விதிகள் கறாராகச் சொல்கின்றன. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ம் ஆண்டோடு நம் நாட்டில் நிறுத்தப்பட்டாலும், அதற்கு முன் சாலையோர மண்ணில் படிந்த ஈயம் மக்கிப் போகிற பொருள் அல்ல.

ஆகவே தொழிற்பேட்டைக் கால்வாய், சாக்கடை ஓரம், குப்பை எரித்த இடம், மெக்கானிக் ஷெட் பக்கம், பெரிய சாலையின் ஓரம் ஆகிய ஐந்து இடங்களிலும் கீரை பறிக்கவே கூடாது. அதே கீரை, மேட்டு மனையிலோ மழைநீர் மட்டும் தேங்கும் நிலத்திலோ இருந்தால் பறிக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. அழுக்குத் தண்ணீரில் பாயாக விரிந்து கிடப்பது பெரும்பாலும் பொன்னாங்கண்ணி அல்ல. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அதன் உறவுக்காரச் செடி. பொன்னாங்கண்ணியின் வெள்ளைப் பூ, இலைக் கக்கத்தில் காம்பில்லாமல் ஒட்டியிருக்கும். வந்தேறிச் செடியின் பூ, நீண்ட காம்பின் நுனியில் பொத்தான்போல நிற்கும். தண்டு உள்ளே குழலாக இருக்கும். உலோகங்களை அதிகம் உறிஞ்சும் செடி அது.

வயலும் வீடும்

பூந்தமல்லிக்கு மேற்கே, திருமழிசை, வெள்ளவேடு பக்கம் வயல்கள் இன்னும் மிச்சமிருக்கின்றன. அங்கே களையெடுப்பில் கிடைக்கும் தொய்யக்கீரையையும் பருப்புக்கீரையையும் வரப்பில் காயவிடாமல் கட்டாகக் கட்டினால், களையெடுப்புச் செலவில் கொஞ்சம் திரும்பி வரும். ஒரே நிபந்தனை: அந்த வயலில் களைக்கொல்லியோ, அண்மையில் பூச்சிமருந்தோ அடித்திருக்கக் கூடாது. மருந்து அடித்த வயல் என்றால், களையெடுக்க வரும் பெண்களிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது விவசாயியின் கடமை. அவர்கள் மடியில் கட்டிக்கொண்டு போவது பிள்ளைகளின் ராத்திரி சாப்பாடு.

வீட்டில் இடமிருந்தால் இன்னும் எளிது. நல்ல இடத்தில் வளர்ந்த பொன்னாங்கண்ணியில் ஒரு சாண் தண்டை வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி தொட்டியில் ஊன்றினால் வேர் பிடித்துவிடும். குப்பைக்கீரைக்கும் பருப்புக்கீரைக்கும் ஒரு சிட்டிகை விதை போதும். தொட்டிக்கு ஏரி வண்டலோ கட்டட இடிபாட்டு மண்ணோ வேண்டாம். செம்மண்ணும் மக்கிய தொழு உரமும் கலந்தால் போதுமானது.

மனைகள் ஒவ்வொன்றாக வீடாகிக்கொண்டிருக்கின்றன. நல்ல மண் குறையக் குறைய, கீரை பறிக்கிறவர்கள் கால்வாய் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். அடுத்த முறை கலவைக்கீரை வாங்கும்போது விலை கேட்பதற்கு முன், "எந்த இடத்துல பறிச்சதும்மா?" என்று கேளுங்கள். மேட்டு நிலத்தில் பறித்தது என்றால், பேரம் பேசாமல் வாங்குங்கள்.