விளக்கெண்ணெய் கொடுத்த கை

"மூலம்தாம்ப்பா, உடம்புச் சூடு" என்று சொன்னது நான்தான். வெளிக்குப் போகையில் ரத்தம் தெரிகிறது என்று அப்பா கூச்சத்தோடு சொன்ன அன்று, எங்கள் மலையில் உள்ள செம்மேட்டில் மாத்திரை வாங்கிக் கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அடுத்த ஐந்து மாதம் இரண்டு நாள் சிக்கல், மூன்றாம் நாள் பேதி என்று மாறி மாறி வந்தது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ஏணி போட்டு மிளகு பறிக்கிற மனிதர் திண்ணை ஏறவே மூச்சு வாங்கினார். வயசாச்சு என்றேன்.

ஆடி 16 அன்று அவர் வயிறு உப்பியது. பலாப்பழம் சேரவில்லை என்று நானே முடிவு கட்டி விளக்கெண்ணெய் கொடுத்தேன். இரவு மறுபடியும் ஒரு கரண்டி. வலி விட்டு விட்டு முறுக்கியது. வாந்தி எடுத்தார். மறுநாள் காற்றுகூடப் பிரியவில்லை. அப்போதும் ஒரு நாள் பொறுத்துப் பார்த்தேன்.

ஆடி 18 விடியலில், வல்வில் ஓரி விழாவுக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் சனம் மலையேறிக்கொண்டிருக்க, நாங்கள் இறங்கினோம். காரவள்ளிப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் பஸ் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தபடியே இருந்தார்கள். பஸ் அசையவில்லை.

சேலத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். பெருங்குடலின் இடப்பக்கக் கடைசி வளைவில் புற்றுக்கட்டி. வழி முழுக்க அடைத்திருந்தது. "அடைச்ச குடலுக்குப் பேதி மருந்தா கொடுத்தீங்க?" என்றார் டாக்டர். மருந்து குடலை இன்னும் இறுக்கித் தள்ளும். போக வழியில்லாமல் பின்னால் உள்ள பகுதி வீங்கும். வலப்பக்கத்தில் சுவர் மெலிந்த இடம் வெடிக்கவும் கூடும் என்றார். எனக்கு அந்த ஹாரன் சத்தம்தான் காதில் கேட்டது.

முதலில் வாய்வழி எதுவும் கொடுக்காமல், சலைன் ஏற்றி, மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றில் தேங்கியதை வெளியே எடுத்தார்கள். பிறகு டாக்டர் வழிகளைச் சொன்னார். கட்டி வலப்பக்கம் இருந்தால் பெரும்பாலும் அதை வெட்டி எடுத்து, சிறுகுடலை மீதிப் பெருங்குடலோடு அப்போதே இணைத்துவிடலாம். இடப்பக்க அடைப்பில், குடல் ஓட்டையாகாமல் இருந்தால், உள்ளே விரியும் உலோக வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்து வழி திறந்து, உடம்பு தேறியபின் ஆபரேஷன் செய்யலாம். அதற்கு வசதியும் பழகிய கையும் வேண்டும். நோய் பரவி ஆபரேஷன் தாங்காத நிலை என்றால், ஸ்டென்ட்டோ, வயிற்றில் மலம் வெளியேற ஒரு வாயோ மட்டும் வைத்து அவதியைக் குறைப்பார்கள். அப்பாவுக்கு அவர் சொன்னது, பிரெஞ்சு மருத்துவர் ஹார்ட்மன் 1921-ல் விவரித்த முறை: கட்டியை எடுத்துவிட்டு, கீழ் முனையைத் தைத்து மூடி, மேல் முனையை வயிற்றில் திறந்து பை மாட்டுவது.

"பை வேண்டாம் சார், நேரா ஒட்டிடுங்க" என்றேன். ஊர் என்ன சொல்லும் என்பதுதான் என் மனதில் ஓடியது. வீங்கிக் கிடக்கிற குடலை இப்போது ஒட்டினால் தையல் கசியலாம், கசிந்தால் வயிறு முழுக்கச் சீழ் என்றார் டாக்டர். அப்பா கட்டிலில் இருந்தபடியே கையைத் தூக்கினார். "உசிரு இருந்தா பையோட இருந்துக்கறேன். நீ சும்மா இரு."

கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷன் முடிந்தது. பிறகு கீமோவும் நடந்தது. பையை மாற்ற நர்சு எனக்குச் சொல்லிக் கொடுத்தார். முதல் வாரம் முகம் சுளித்தேன். பிறகு பல் விளக்குவதுபோல ஆகிவிட்டது. எட்டு மாதம் கழித்துக் குடலை மறுபடி இணைத்தார்கள். எல்லோருக்கும் அப்படி இணைக்க முடிவதில்லை, அப்பாவுக்கு முடிந்தது.

மலத்தில் ரத்தம் என்றால் மூலம் என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். வயிறு உப்பி, வாந்தி வந்து, மலமும் காற்றும் நின்றுபோனால் வீட்டில் எந்த மருந்தும் கொடுக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மலையில் இருப்பவர்கள் இன்னும் சீக்கிரம் கூப்பிடுங்கள்.